தம்பிக்குக் கேட்காத எஞ்சின்

என் தம்பி வாங்கிய பிரைம்மூவர், அதாவது கண்டெய்னர் ட்ரெய்லரை இழுக்கிற லொறித்தலை, எங்களிடம் வந்தபோதே அதற்கு வயது போயிருந்தது. ஜப்பானில் ஓடி, கப்பலேறி இங்கே வந்து, வேறு முதலாளிமாரிடம் உழைத்து முடித்த பிறகுதான் அது அவன் கைக்கு வந்தது. கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் ஒருதரம் முழுதாகச் சுற்றி முடித்து, மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை அவன் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகச் சொல்வான். முகப்பின் பச்சை வெயிலில் வெளுத்துப்போய், கதவு விளிம்புகளில் அதற்கு முன் பூசியிருந்த நீலம் தெரியும். முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு, இது துறைமுகம் வரைக்குமாவது போகுமா என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டு, என்னைப் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்தினான்.

"கேளுங்கோ அக்கா, எவ்வளவு சுத்தமா இருக்கு."

எனக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது.

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். சண்டைக் காலத்தில் அம்மாவோடு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா கண்ணை மூடிய பிறகும் அந்த வீட்டை விடவில்லை. நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன். எனக்குக் கல்யாணம் சரிவரவில்லை. தம்பி கண்டெய்னர் லொறிகளில் கிளீனராகத் தொற்றி, ஓட்டப் பழகி, வாழ்க்கையின் பெரும்பகுதியை மற்றவர்களின் வாகனங்களை ஓட்டியே கழித்தான். அவனுடைய மனைவி ஒரு பெண்பிள்ளையை எங்கள் கையில் தந்துவிட்டு, டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையை நானும் அவனுமாக வளர்த்தோம். அவள் படித்து, கல்யாணம் முடித்து, கனடாவுக்குப் போனாள். வீடு வெறுமையான அந்த நேரத்தில்தான் அவன் சொந்தமாக ஒரு வாகனம் வேண்டும் என்று நின்றான்.

கிராண்ட்பாஸில் ஒரு ஹாஜியாரின் திறந்த வளவில் அதை நிறுத்த இடம் கிடைத்தது. துறைமுகத்திலிருந்து கண்டெய்னரைப் பேலியகொடைக்கோ, பியகமவுக்கோ, சிலநாள் கட்டுநாயக்கா வரைக்குமோ இழுத்துப் போவான். வேலை இல்லாத நாளில் வளவிலேயே கிடப்பான். காற்றுத் தாங்கிகளில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுவான். ட்ரெய்லர் வந்து பூட்டிக்கொள்ளும் வட்டத் தட்டுக்குக் கிறீஸ் பூசுவான். ரேடியேட்டரின் ஓட்டைகளை ஈயம் ஊற்றி அடைப்பான். பழைய வாகனத்தை வைத்திருப்பவனுக்கு ஓடுகிற நேரமும் திருத்துகிற நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று சொல்லுவான். அவனுடைய சேர்ட்டுகளில் எத்தனைதரம் துவைத்தாலும் டீசல் மணம் போகாது. என் கடைச் சேலைகளில் அந்த மணம் ஒட்டிவிடக் கூடாது என்று வேறாகத் துவைப்பேன்.

திருத்த வேலையை அவன் காதால்தான் தொடங்குவான். அடியில் இருக்கிற எஞ்சின் தெரியக் கெபினை முன்பக்கம் சரித்துவிட்டு, எஞ்சின் ஓட, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பான். கொஞ்ச நேரத்தில் எங்கே பிழை என்று கை நேராகப் போகும். கோயிலில் நிற்கிறவன் மாதிரி நிற்கிறாய் என்று நான் கேலி செய்ததுண்டு.

அவனுக்குக் காது கேட்பது குறைந்துகொண்டு போனதை நான் கவனிக்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. கவனித்தேன், ஆனால் வேறு காரணம் வைத்திருந்தேன். டிவியைச் சத்தமாகப் போட்டால், களைப்பில் தூங்கிவிடாமல் இருக்கப் போடுகிறான் என்று நினைத்தேன். கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் எதையோ யோசிக்கிறான் என்று நினைத்தேன். மகள் கனடாவிலிருந்து எடுத்தால், "லைன் கிளியர் இல்லை பிள்ளை, மாமியோட கதை" என்று சொல்லி ஃபோனை என்னிடம் நீட்டிவிடுவான். எனக்கு லைன் நன்றாகத்தான் கேட்கும். அழுகை வந்துவிடும் என்று பயப்படுகிறான், அதுதான் நீட்டுகிறான் என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் ஒருநாள் அவன் வெறும் தாங்கியோடு வந்தான். நாள்கணக்காக நின்ற வரிசையில் முன்னுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவன் நகரவில்லை, பின்னால் நின்றவன் முந்திப் போய்விட்டான். அன்றைக்குப் பின்னேரம் எங்கள் வீதியில் வேறொரு டிரைவர் எனக்கு அதைச் சொன்னான். தம்பி என்னிடம், டீசல் முடிந்துவிட்டது என்றுமட்டும் சொன்னான்.

பிறகு அந்த அம்புலன்ஸ் நாள் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போனவன் மத்தியானத்துக்கு முன்னமே வந்து, குசினி வாசலில் நின்றான். கைகால் கழுவவில்லை. முகம் வெளிறியிருந்தது. அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன். அவன் என் வாயையே பார்த்தான். பிறகு கதிரையில் இருந்துகொண்டு, தானாகவே சொல்லத் தொடங்கினான்.

பாரம் ஏற்றிய கண்டெய்னரோடு பாலத்துக்குப் போகிற வீதியில் நெரிசலில் நின்றிருக்கிறான். நெரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. அவனும் நகர்ந்திருக்கிறான். திடீரென்று ஒரு மோட்டார் சைக்கிள்காரன் பக்கத்தில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே கதவில் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறான். அடியின் அதிர்வு தெரிந்துதான் தம்பி திரும்பிப் பார்த்திருக்கிறான். அந்த மனிதன் வாய் கிழியக் கத்துகிறான், கையைப் பின்னால் காட்டுகிறான். சத்தம் எதுவும் வரவில்லை. இவன் வாகனத்தை இடப்பக்கம் ஒதுக்கியதும், கண்டெய்னருக்கு நேர் பின்னால், கண்ணாடியில் தெரியாத இடத்தில் நின்ற அம்புலன்ஸ் வெளியே வந்து பாய்ந்து போயிருக்கிறது. அதன் கண்ணாடிக்குள் ஒரு கை சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்திருந்ததைக் கண்டிருக்கிறான்.

"எவ்வளவு நேரம் எனக்குப் பின்னால நிண்டதெண்டு தெரியாது அக்கா. சைரன் ஊருக்கெல்லாம் கேட்டிருக்கு. எனக்குக் கேக்கேல்லை."

கண்டெய்னரை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு, வெறும் ட்ரெய்லரோடு கிராண்ட்பாஸுக்கு மெல்ல மெல்ல ஓட்டிவந்து, சாவியை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் எந்த வாகனத்தையும் ஓட்டவில்லை. விடு என்று நான் சொல்லவில்லை. அவனாகவே விட்டான்.

அடுத்தநாள் அவன் பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போய், நேற்று வந்த அம்புலன்ஸில் இருந்தவருக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறான். காவலுக்கு நின்றவர் என்ன மறுமொழி சொன்னார் என்று அவனுக்கு விளங்கவில்லை. அதற்கடுத்த நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். அந்தக் காவலாளி நல்ல மனிதர். நான் சிங்களத்தில் கேட்க, அவர் பொறுமையாகச் சொன்னார்: ஒருநாளைக்கு எத்தனையோ வருகின்றன, அதில் எது என்று யாருக்குத் தெரியும், அது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்ததா என்பதே தெரியாதே. நான் தம்பிக்கு நேரே திரும்பி, உதட்டை அசைத்து, "அவையளுக்குத் தெரியாதாம்" என்றேன்.

அவன் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான்.

"நீங்கள் எனக்காகப் பொய் சொல்லேல்லைத்தானே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவன் நம்பினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பேச்சை அவன் பிறகு எடுக்கவேயில்லை.

காது டொக்டர் சோதித்துவிட்டு, நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, இத்தனை வருஷம் எஞ்சினுக்கு மேலேயே இருந்தவருக்கு இப்படி ஆவது புதினமில்லை, இனித் திரும்பாது என்று சொன்னார். காதில் மாட்டுகிற மெஷினும் வாங்கிப் பார்த்தோம். அது தேவையில்லாத சத்தங்களையெல்லாம் இரும்பில் இரும்பு உரசுகிற மாதிரி உள்ளே தள்ளியதாம். பேச்சு மட்டும் உடைந்து உடைந்து வந்ததாம். கொஞ்சநாள் போட்டுவிட்டு அலுமாரி லாச்சிக்குள் வைத்துவிட்டான். மகளுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. நானும் சொல்லவில்லை.

வாகனத்தை விற்றுவிடலாம் என்று சொன்னேன். அவன் கேட்கவில்லை. வத்தளைப் பக்கத்துச் சிங்களப் பையன் ஒருவனை டிரைவராகப் பிடித்தான். பையன் என்று சொல்கிறேன், அவனுக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருந்தார்கள். தம்பியை அண்ணன் முறையில் 'அய்யே' என்றும் என்னை 'அக்கே' என்றும் கூப்பிடுவான். தம்பி அவனை 'மல்லி' என்பான், சிங்களத்தில் அதுவும் தம்பிதான். அமைதியானவன். கிழட்டு வாகனத்தை அடித்து விரட்டாமல் ஓட்டத் தெரிந்தவன். அவனுக்கு ஒரு குறை என்றால், எல்லாப் பிழையையும் ஒரே வார்த்தையில் சொல்லுவான்: ஒரு சத்தம் வருகிறது. என்ன சத்தம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரிந்தாலும், அவன் சிங்களத்தில் சொல்வதை உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளத் தம்பியால் முடியவில்லை. தம்பியால் படிக்க முடிந்தது என் உதட்டை மட்டும்தான்.

அப்படித்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராண்ட்பாஸ் வளவுக்குப் போகத் தொடங்கினேன். முதல்நாள் கெபினைச் சரித்து எஞ்சினை ஓடவிட்டார்கள். தம்பி பழக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினான். பிறகு திறந்தான். உள்ளங்கையை எஞ்சினில் வைத்துப் பார்த்தான். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை இரும்பில் ஊன்றி, பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான்.

"அதிர்வு தெரியுது. என்னெண்டு பிரிக்கத் தெரியேல்லை. என்ன மாதிரிக் கேக்குது அக்கா, சொல்லுங்கோ."

என்ன மாதிரி என்று சொல்வது? எனக்குப் பட்டும் கொட்டனும் தெரியும். எஞ்சின் தெரியாது. கடகட என்று கேட்கிறது என்றேன். எல்லா எஞ்சினும் கடகட என்றுதான் கேட்கும் என்றான். எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, சிரட்டைக்குள் சின்னக் கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருகிற சத்தம் மாதிரி இருக்கிறது என்றேன். அவன் முகம் மாறியது. வேகமாகவா மெதுவாகவா, மேலேயா கீழேயா என்று கேட்டான். மேலே, வேகமாக என்றேன். வால்வுகளுக்கு மேலே இருக்கிற மூடியைக் கழற்றி, எதையோ இறுக்கி, மறுபடி ஓடவிட்டான். சிரட்டைச் சத்தம் போயிருந்தது. நான் தலையாட்டியதும் அவன் சிரித்தான். அம்புலன்ஸ் நாளுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

பிறகு எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டானது. குக்கர் விசில் அடிக்கமுன் சீறுகிற மாதிரி என்றால் காற்றுக் குழாயில் ஒழுக்கு. தேங்காய் துருவுகிற மாதிரி என்றால் எங்கோ ஒரு பெயரிங் தேய்ந்துவிட்டது. தையல் மெஷின் மாதிரி என்றால் நல்லது, கை வைக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுச் சத்தங்கள். அவற்றை வைத்தே அவன் வேலை செய்தான். அவனுடைய காதாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அவன் கேட்டதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவன் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தமட்டும் மறுமொழி சொன்னேன், அவ்வளவுதான்.

ஒருதரம் எஞ்சின் நொண்டி நொண்டி ஓடியது. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அவன் டீசல் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். நல்ல சிலிண்டரின் குழாயைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் கம்மும். ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்றால் சத்தத்தில் மாற்றம் இருக்காது. மாறினால் நான் கையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு நட்டுக்கும் அவன் என் கையை அண்ணாந்து பார்ப்பான். கை தூக்குவேன். இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவான். ஒன்றுக்கு என் கை எழும்பவில்லை. அவன் நிச்சயம்தானே என்று கண்ணால் கேட்டான். நான் கையைக் கீழேயே வைத்திருந்தேன். அந்த இன்ஜெக்டரைக் கழற்றினான். அதுதான் கெட்டுப்போயிருந்தது. மல்லி கைதட்டினான். வீட்டுக்கு வரும்போது தம்பி எனக்கு ஜிந்துப்பிட்டியில் இடியப்பமும் சொதியும் வாங்கித் தந்தான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. ஒரு பிரைம்மூவரைத் திருத்தியதற்காக ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாள் என்று யார் நினைத்திருப்பார்கள்.

ஆனால் சாமான் கிடைப்பதுதான் கஷ்டம். நாட்டுக்குள் எதையும் இறக்குமதி செய்ய விடாத காலம். இவ்வளவு பழைய வாகனத்துக்குப் புதுச் சாமான் செய்கிறவர்களே இல்லை. தண்ணிப் பம்ப் போனபோது, பழைய பம்பைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நானும் அவனுமாக, வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடைகடையாக ஏறினோம். முந்தி அந்தக் கடைக்காரர்கள் எல்லாரும் அவனுக்குப் பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பகிடி விடுவார்கள். அன்றைக்கும் விட்டார்கள். அது அவன் காதில் விழாமல், தான் கேட்க வந்ததையே உரத்துக் கேட்டான். அவனுக்குத் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாது. கோபமாக வந்திருக்கிறான் என்று நினைத்து ஒருவர் முகத்தைச் சுழித்தார். நான் இடையில் புகுந்து, காது கேட்காது என்று சிங்களத்தில் சொன்னேன். அதைச் சொன்ன மாத்திரத்தில் எல்லாரும் தம்பியை விட்டுவிட்டு என்னோடு கதைக்கத் தொடங்கினார்கள். அவன் பக்கத்தில் நின்று எங்கள் வாய்களை மாறிமாறிப் பார்த்தான். பிறகு பையை என் கையில் தந்துவிட்டு, வாசலில் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பம்ப் கடைசியில் கிடைத்தது. அதற்குப் பிறகு சாமான் தேட அவன் மல்லியைத்தான் அனுப்பினான். தான் போகவில்லை.

ஒரு சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டார்கள். எனக்குப் புதிதாக ஒன்று கேட்டது. மற்றச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், ஆழத்தில், நனைந்த போர்வையைத் தூக்கிக் கல்லில் அடிக்கிற மாதிரி. மொத்தமான சத்தம். சொன்னேன். தம்பி என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னான். சொன்னேன். மல்லியைக் கொஞ்சம் அக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, மிதித்தால் கூடுகிறதா என்று கேட்டான். கூடுகிறது என்றேன். அவன் உடனே கையை வீசி எஞ்சினை நிற்பாட்டச் சொன்னான். நின்றதும் கீழே குந்தி, ஒயிலைக் கொஞ்சம் தட்டில் பிடித்து, வெயிலில் சரித்துப் பார்த்தான். கறுத்த ஒயிலுக்குள் மீன் செதில் மாதிரி மினுங்கியது.

என்ன அது என்று கேட்டேன்.

"கிராங்க் பெயரிங். தண்டைத் தின்னத் தொடங்கீட்டுது."

திருத்தலாமா என்று கேட்டேன். அவன் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த கிழமை மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்து அடிப்பக்கத்தைக் கழற்றினார். எஞ்சினின் நடுவில் சுழல்கிற அந்தப் பெரிய தண்டு கோடு கோடாகக் கிழிபட்டிருந்தது. முந்தின முதலாளிமார் காலத்திலேயே அதைக் கடைந்து கடைந்து கடைசி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனிக் கடைய அதில் இரும்பு இல்லை, கடைந்தாலும் அந்த அளவுக்குப் பெயரிங் இல்லை என்று பாஸ் சொன்னார். அதே மாதிரி இன்னொரு எஞ்சின் எங்காவது கழித்துவிட்ட வாகனத்தில் கிடைக்குமா என்று மல்லி ஊர் ஊராக விசாரித்தான். ஒன்று கிடைத்தது. போய்ப் பார்த்தால் அதன் உடல் வெடித்திருந்தது. தம்பி அந்த நாட்களில் தினமும் காலையில் வளவுக்குப் போய்வந்தான். எஞ்சின் கழற்றிய வாகனத்தில் என்ன செய்வாய் என்று கேட்டால், டயருக்குக் காற்றுப் பார்க்கப் போனேன் என்பான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு, போதும் அக்கா என்றான். வாகனத்தைத்தான் சொல்கிறான் என்று எனக்கு விளங்கியது.

அதை ஓடுகிற வாகனமாக வாங்க யாரும் வரவில்லை. நீர்கொழும்புப் பக்கமிருந்து பழைய இரும்பு எடுக்கிற ஆட்கள் வந்தார்கள். டயர், கியர்பொக்ஸ், பின் அச்சு எல்லாம் தனித்தனியாகப் போயின. மிச்சத்தை அங்கேயே வெட்டி எடுத்துப் போவதாகச் சொன்னார்கள். நீ வரத் தேவையில்லை, மல்லி பார்த்துக்கொள்வான் என்று தம்பியிடம் சொன்னேன். வருவேன் என்றான். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன்.

காஸ் நெருப்பால் அடிச்சட்டத்தை வெட்டினார்கள். கெபினைச் சுத்தியலால் அடித்துச் சுருக்கினார்கள். ஹாஜியாரின் வேலையாட்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்கள். எனக்கு அந்தச் சத்தம் பல்லுக்குள் போய் நின்றது. தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முந்தி எஞ்சின் பக்கத்தில் நிற்கிற அதே மாதிரி, அசையாமல் நின்றான். கண்ணை மூடவில்லை. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது கேட்பான் என்று. அன்றைக்கு மட்டும் அவன் என்ன சத்தம் என்று என்னிடம் கேட்கவில்லை.

வேலை முடிந்து அவர்கள் போனபின் வளவில் ஒயில் ஊறிய கறுப்பு மண்தான் மிஞ்சியது. மல்லி அழுதான். தம்பி அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். சில நாள் கழித்து மல்லி மனைவியையும் கூட்டிக்கொண்டு வெற்றிலைக் கட்டோடு வீட்டுக்கு வந்தான். ஒரு கம்பனியில் புது வாகனத்துக்கு வேலை கிடைத்துவிட்டதாம். வெற்றிலையைத் தம்பியின் கையில் தந்துவிட்டு, அவர்கள் வழக்கப்படி காலில் விழுந்து கும்பிட்டான். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. தம்பி என்ன செய்வது என்று தெரியாமல் வெற்றிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குப் பாரமாகிவிட்டன. அவன் யன்னலடியில் இருப்பான். நான் சமைப்பேன். முந்தி வளவில் அவன் ஓயாமல் கதைப்பான், நான் கையும் உதடும் அசைத்து மறுமொழி சொல்வேன். வீட்டில் எங்களுக்குக் கதைக்க எதுவும் இருக்கவில்லை. கறிக்கு உப்புக் காணுமா, குடை எடுத்தீங்களா, அவ்வளவுதான்.

மகள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு வந்தாள். விமான நிலையத்தில் சத்தமும் கட்டிப்பிடிப்பும். அவளுக்கு அங்கே எதுவும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு குசினிக்குள் வந்தவள், யன்னலடியில் முதுகு காட்டி இருந்தவனை, "அப்பா, தேத்தண்ணி போடட்டா" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு காலமா மாமி?"

சொன்னேன். அவள் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். நிலத்தில் குந்தியிருந்து, தான் ஒவ்வொரு கிழமையும் எடுத்து, லைன் சரியில்லை என்று கேட்டுக் கேட்டு ஃபோனையும் மாற்றினேன் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் சத்தியம் வாங்கினவர் என்று நான் சொன்னேன். அதுவும் ஒரு காரணமா என்று அவள் கேட்டாள். பேரப்பிள்ளை அந்த நேரம் தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதையோ விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் அதன் வாயைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினான்.

அவள் அவனைத் தன்னோடு கூப்பிட்டாள். அங்கே நல்ல டொக்டர்மார், நல்ல மெஷின் எல்லாம் இருக்கிறது என்றாள். அவன் என்னைப் பார்த்தான். போ என்றேன். வாகனம் இருந்திருந்தால் அவனும் போயிருக்க மாட்டான், நானும் சொல்லியிருக்க மாட்டேன். மகளோடு இருக்க வேண்டிய வயதில் மகளோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். அவன் இல்லாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

விசாக் கடுதாசி வேலைகள் முடிய நெடுநாள் பிடித்தது. அவனைக் கூட்டிப்போக மகள் மறுபடி வந்தாள். போகிற அன்று மல்லி ஒரு வேனைக் கேட்டு எடுத்துக்கொண்டு வந்து, எங்களைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோனான். தம்பி முன் சீட்டில் இருந்து, வழி நெடுக எதிரே வந்த கண்டெய்னர் லொறிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, "கூரைத் தண்ணித் தாங்கி மிதவை சரியில்லை, மல்லியைக் கொண்டு பாருங்கோ" என்றான். பாதுகாப்புச் சோதனையில் அவனைக் கூப்பிட்ட ஆள் மூன்றாந்தரமும் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. மகள் தோளைத் தொட்டுக் கூட்டிப்போனாள்.

அங்கே புது மெஷின் மாட்டினார்கள். முந்தினதைவிட நல்லதாம். இருந்தாலும் கதவு மணி கேட்கிற அளவுக்குத்தான் உதவுகிறதாம். அவன் முதலில் கிழமைக்கொருதரம் எனக்கு மெசேஜ் எழுதுவான்: பனி பெய்தது, பேரன் பாலர் பள்ளிக்குப் போனான், யன்னலிலிருந்து பெரிய வீதி தெரிகிறது, இங்கத்தைய பிரைம்மூவர்களுக்கு மூக்கு நீளம். பிறகு குறைந்தது. படம் அனுப்பினால் ஒரு பெருவிரல் அடையாளம் போடுவான்.

போன மாதம் மகள் ஃபோன் எடுத்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"அப்பா இப்ப கதைக்கிறதே இல்லை மாமி. நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ தெரியேல்லை. எங்கட வாயைப் பார்க்கிறதையும் விட்டிட்டார்."

வீடியோவைப் போட்டு ஃபோனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். நான் லைட்டுக்கு நேரே போய் இருந்து, முகம் தெளிவாகத் தெரியும்படி ஃபோனைப் பிடித்தேன். அவன் வந்தான். மெலிந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. நான் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டேன்.

அவன் என் வாயைப் பார்த்தான்.

"ஓம் அக்கா" என்றான். குரல் கரகரத்திருந்தது.

அவனிடம் கேட்க வேறு என்ன இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே பேரப்பிள்ளை ஃபோனைப் பறித்துக்கொண்டு ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்தேன். அங்கே அப்போது மத்தியானம். அவன் நித்திரை என்று மகள் சொன்னாள்.